காக்காயை விடாத கரிச்சான்

ஹெல்மெட் போட்டுக்கொண்டு துணி காயப்போடும் மனிதனை நீங்கள் பார்த்ததில்லை என்றால், அந்த ஆனி மாதம் பருத்திப்பட்டில் எங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். எதிர்வீட்டுப் பிள்ளைகள் வீடியோகூட எடுத்தார்கள். நான் கிறுக்கன் இல்லை. மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவன். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு ஆணி வெளியே போகாது. ஆனால் என் வீட்டு மொட்டை மாடியில் என்னைவிடப் பெரிய அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எடை போட்டால் ஒரு மசால்வடை அளவுக்குக்கூடத் தேறமாட்டார்.

கரிச்சான் குருவியைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இரட்டைவால் குருவி என்பார்கள். திருநெல்வேலியில் பிறந்த என் அம்மாவுக்கு அது கரிக்குருவி. என் மனைவி வைத்த பெயர் ரவுடி. உச்சி முதல் வால் வரை கருப்பு. வெயில் பட்டால் அந்தக் கருப்பில் கொஞ்சம் நீலம் ஓடும். வால் நுனியில் இரண்டாகப் பிரிந்து மீன் வால் மாதிரி இருக்கும். வாயோரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைக்காமல் வந்துவிட்டதுபோல இருக்கும், பார்க்கிற நமக்குக் கை பரபரக்கும்.

அதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. நம் தெருக்களில் கேபிள் ஒயர் எதற்கு இருக்கிறது என்று கேட்டால் கரிச்சான் உட்காரத்தான் என்று சொல்லலாம். காலை முழுக்க அங்கே சும்மா உட்கார்ந்திருக்கும். வேலை வெட்டி இல்லாதது என்று நாம் நினைக்கும்போது விருட்டென்று கீழே பாய்ந்து, புல்லில் இருக்கும் வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு அதே ஒயருக்கு, அதே இடத்துக்குத் திரும்பிவரும். ஏரிக்கரையில் எருமைகள் மேய்ந்தால் ஒன்றின் முதுகில் ஏறிக்கொள்ளும். எருமை நடக்க நடக்கப் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளை இது உட்கார்ந்த இடத்திலிருந்தே பொறுக்கும். மழை விட்ட சாயங்காலம் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் கிளம்பினால் அன்றைக்கு அதற்குக் கல்யாணச் சாப்பாடு. இத்தோடு விட்டால் பரவாயில்லை. வல்லூறு மாதிரியே கத்தவும் தெரியும். அந்தக் குரல் கேட்டு மைனாக்கள் பதறிப் பறக்கும்போது, இது ஒயரில் ஒன்றும் தெரியாததுபோல இறகைக் கோதிக்கொண்டிருக்கும்.

வைகாசி தொடக்கத்தில் ஒரு ஜோடி எங்கள் கொல்லைப்புற வேப்பமரத்தைப் பார்வையிட வந்தது. அந்த மரம் நாங்கள் வைத்ததில்லை. செப்டிக் டேங்க் ஓரமாகத் தானாக முளைத்து, யாரும் கேட்பதற்குள் மாடி உயரம் வந்துவிட்டது. ஆண் ஒரு கிளையில், பெண் ஒரு கிளையில் என்று உட்கார்ந்து, வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள்போல எல்லாக் கிளையையும் ஆட்டிப் பார்த்தன. கடைசியில் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு நேர் எதிரே, கை நீட்டினால் எட்டிவிடும்போலத் தோன்றி எட்டாத ஒரு கவட்டையைப் பிடித்துக்கொண்டன. குச்சியும் வேரும் சேர்த்து, ஒட்டடையால் சுற்றி இறுக்கி, ஒரு சின்னக் கிண்ணம். கட்டுமானம் படுமோசம். கீழே நின்று பார்த்தால் கூட்டுக்குள் இருக்கும் முட்டை தெரியும். என்னிடம் அனுமதிக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கூடுதான் ஒல்லி, காவல் அப்படியில்லை. முட்டை வைத்த நாளிலிருந்து அந்த மரத்தைச் சுற்றி ஊரடங்கு. பூனை சுவரில் நடக்க முடியாது. ஏரிப்பக்கமிருந்து வரும் பருந்தின் முதுகில் ஏறி உட்கார்ந்து, பறந்துகொண்டே கொத்தும். பருந்து பாவம், தன்னில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்றிடம் அடி வாங்கிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போகும். இந்தத் தைரியத்தை நம்பி அதே மரத்தில் ஒரு கொண்டைக்குருவியும் ஒரு புறாவும் கூடு கட்டின. அவற்றை அது தொடவே இல்லை. கேட்டில் வாட்ச்மேன் இருக்கும் அப்பார்ட்மெண்டில் குடிவந்த மாதிரி அவை நிம்மதியாக இருந்தன. என் வீட்டில் நிம்மதி இல்லாதது எனக்கு மட்டும்தான். முதல் நாளே கூட்டை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம் என்று ஒட்டடைக் குச்சியால் கிளையை விலக்கினேன். அந்தக் குற்றத்தை அது மன்னிக்கவில்லை. மாடிக்கு அம்மா போனால் சும்மா இருக்கும். மனைவி போனால் லேசாகக் கத்தும். நான் படியில் தலையைக் காட்டினால் போதும், பின்மண்டையில் ஒன்று விழும். அப்படித்தான் ஹெல்மெட் வந்தது.

அதன் முழுமுதல் எதிரி நான்கூட இல்லை, காக்காய்தான். முட்டையையும் குஞ்சையும் திருடித் தின்கிற காக்காயைக் கண்டால் அந்த ஜோடிக்கு வெறி பிடிக்கும். கிழக்கே காலி மனை, மேற்கே தெருமுனை டிரான்ஸ்பார்மர். இந்த எல்லைக்குள் ஒரு காக்காய் சும்மா பறந்து கடந்தால்கூட இரண்டும் மேலிருந்து பாய்ந்து விரட்டிக்கொண்டு போகும். டிரான்ஸ்பார்மரைத் தாண்டிவிட்டால் பிறகு சீண்டாது, திரும்பிவிடும். சில நாட்களில் எங்கள் தெருவில் காக்காய் என்ற இனமே இல்லாமல் போயிற்று. குப்பைத்தொட்டி கலையாமல் இருக்கிறதே என்று தெருவே சந்தோஷப்பட்டது.

எங்கள் வீட்டில்தான் இடி விழுந்தது.

அதற்கு முந்தின ஆனியில் என் அப்பா இறந்துபோனார். ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து, குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தவர். ரிட்டயரானாலும் ஸ்பேனர் கையை விட்டு இறங்கவில்லை. தெருவில் யார் வீட்டு மோட்டார் மக்கர் செய்தாலும் அப்பாதான். அதிலும் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாய் வீட்டு மோட்டார் இருக்கிறதே, அதைப்போல ஒரு கெட்ட மோட்டாரை நான் பார்த்ததில்லை. பாய் பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர். அவர் வீட்டு மோட்டார் மட்டும் சரியாக ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் படுத்துவிடும். பெருநாள் அன்றைக்கு நிச்சயம் படுக்கும். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு போய், மத்தியானம் தாண்டித் திரும்பிவந்து, அசதியில் ஒரு தூக்கம் போடுவார். அவர் கடைசியாகப் பார்த்த ரிப்பேர் எவ்வளவு கெட்டியோ, அவர் போன பிறகு அந்த மோட்டார் ஒருநாளும் கெடவில்லை. வேலை என்றால் அது வேலை என்று என் கம்பெனியில் எத்தனையோ பேரிடம் உதாரணம் காட்டியிருக்கிறேன்.

கடைசி வருஷம் அப்பாவுக்கு இதயமும் சிறுநீரகமும் போட்டி போட்டுக்கொண்டு மோசமாயின. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அம்மா நிறுத்தியே விட்டாள். எங்கள் வீட்டுச் சமையல் ஏற்கெனவே சுத்த சைவம். முட்டை போட்ட கேக் என்று தெரிந்தால் அம்மா வாசலோடு திருப்பி அனுப்புவாள். அப்பா அதை மீறி நான் பார்த்ததில்லை. உப்பும் போன பிறகு அவர் தட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தக் கடைசிப் பெருநாளுக்கு பாய் வந்து மோட்டார் ஓடவில்லை என்று சொன்னபோது, உடம்பு முடியாதவரை ஏன் கூப்பிடுகிறீர்கள், வேறு ஆளைப் பாருங்கள் என்று அம்மா அனுப்பிவிட்டாள். அப்பா அன்றைக்குப் பூரா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தொழில்காரன் கர்வம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த சில வாரங்களில் போய்விட்டார்.

அதன் பிறகு அம்மாவுக்கு அமாவாசைதான் மாதத்தின் முக்கியமான நாள். சமைத்து முடித்ததும் ஒரு வாழையிலைத் துண்டில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, மாடிச் சுவரில் கொண்டுபோய் வைத்துக் கா கா என்று கூப்பிடுவாள். காக்காய் வந்து வாய் வைத்த பிறகுதான் வீட்டில் யாருக்கும் சோறு. எத்தனையோ வீட்டில் இருக்கிற வழக்கம்தான். ஆனால் அம்மாவுக்கு அது வழக்கமாக வருகிற ஏதோ ஒரு காக்காய் இல்லை. இடது இறக்கையில் ஒரு இறகு மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒன்று வரும், அதுதான் அப்பா. அப்பாவுக்கும் சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும் என்பாள். அது சாப்பிடும்போது உப்பு போதுமா என்று விசாரிப்பாள். கடைசி வருஷம் போடாத உப்பை எல்லாம் சேர்த்து அந்த இலையில் போட்டாள் என்று நினைக்கிறேன். காக்காய் தின்றுவிட்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். எனக்குச் சிரிப்பாக வரும். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சிரிக்கத் தோன்றாது. அவ்வளவு தெளிவாக இருக்கும்.

வைகாசி அமாவாசைக்கு அவர் வரவில்லை. வரவில்லை என்றால், வந்தார். டிரான்ஸ்பார்மர் வரை வந்தார். அங்கேயே கரிச்சான் ஜோடி வழிமறித்து முதுகில் நாலு போட்டு அனுப்பிவிட்டது. அம்மா வெகுநேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, எங்களை மட்டும் சாப்பிடச் சொல்லிவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. சாயங்காலம் கை நடுங்கிய பிறகு என் மனைவி சத்தம் போட்டு மோர் குடிக்க வைத்தாள்.

அடுத்து வந்தது முதல் வருஷத் திதி. அன்றைக்கும் காக்காய் வராவிட்டால் அம்மா என்ன செய்வாள் என்று எங்களுக்குத் தெரியும். மோருக்கும் மசியமாட்டாள். கூட்டைக் கலைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். குஞ்சு பொரித்துவிட்டது, நாள் முழுக்க வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கிறது, அதைக் கலைத்து அந்தப் பாவத்தையும் அப்பா தலையில் கட்டப் போகிறாயா என்றாள். அப்படியானால் இலையை ஏரிக்கரைக்குக் கொண்டுபோவோம், அங்கே காக்காய்க்குப் பஞ்சமில்லை என்றேன். நம் வீட்டு ஆள் ரோட்டில் நின்று சாப்பிட வேண்டுமா என்று கேட்டாள்.

திதி அன்றைக்குக் காலையில் கோவில் குளக்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தேன். வீடு முழுக்க வடை வாசம். வாழைக்காய், பாகற்காய், பருப்பு, பாயசம், அப்பாவுக்குப் பிடித்த உளுந்தவடை. உச்சிவேளைக்கு அம்மா ஈரத்தலையோடு இலையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். நான் ஹெல்மெட்டோடு பின்னால் போனேன். காக்காய் இலைக்கு வரும்வரை கரிச்சானை நான் சமாளிப்பது என்று திட்டம். கையில் ஆயுதமாக ஒரு குடை.

திட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. குடையை விரித்து ஆட்டியதும் கரிச்சான் ஒதுங்கியது. சரிதான் என்று அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டாள். தூரத்தில் ஒரு காக்காய் எட்டிப் பார்த்தது. விரித்த கருப்புக் குடையைப் பார்த்தது. அந்தப் பக்கமாகவே போய்விட்டது. குடையை மடக்கினேன். கரிச்சான் வந்து ஹெல்மெட்டில் டொக்கென்று போட்டது. விரித்தால் காக்காய் இல்லை, மடக்கினால் நான் இல்லை. எதிர்வீட்டு மாடியில் போன்களோடு நிற்கிறவர்களுக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு.

இலையைக் கீழே வாசல்பக்கத்துச் சுவருக்கு மாற்றினோம். ஆண் கரிச்சானும் வாசல்பக்கத்து ஒயருக்கு மாறிக்கொண்டது. மணி ஏறிக்கொண்டே போயிற்று. அம்மா மாத்திரை போட்டிருக்கிறாள், வயிற்றில் ஒன்றுமில்லை. மனைவி ஒரு தம்ளரில் மோரோடு நின்றாள். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. இலையில் சோறு காய ஆரம்பித்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோவமாத்தான் இருக்காக. நான் செஞ்சது அப்பிடில்லா."

உப்பு விஷயத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, டாக்டர் சொன்னதைத்தானே செய்தாய் என்று ஆறுதல் சொன்னேன். உப்பு இல்லலே என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்படி ஒடுங்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா இறந்த அன்றைக்குக்கூட ஆளாளுக்குக் காபி கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு வடை எடைக்குக்கூட வராத ஜீவன் என் அம்மாவைப் பட்டினி போடுகிறதே என்று பல்லைக் கடித்தேன்.

அப்போதுதான் அந்த அருமையான யோசனை உதித்தது. போனில் காக்காய்ச் சத்தம் தேடினேன். நிறைய இருந்தது. இருப்பதிலேயே உரக்கக் கத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தரம் பார்ப்பவன் அல்லவா, சும்மா எடுப்பேனா? என் மகன் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஸ்பீக்கரில் அதை மாட்டி, மாடியில் வைத்து, முழுச் சத்தத்தில் போட்டேன்.

காக்காய் சோற்றுக்குக் கூப்பிடும் சத்தம் வேறு, ஆபத்தில் அலறும் சத்தம் வேறு. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு காக்காயின் கடைசி அலறலை நான் ஊருக்கே ஒலிபரப்பிக்கொண்டிருந்தேன். முதலில் நாலு வந்தன. பிறகு ஏரிப்பக்கம் கருத்தது. கோவில் பக்கமிருந்து ஒரு கூட்டம், மீன்கடைப் பக்கமிருந்து ஒரு கூட்டம். பருத்திப்பட்டில் இத்தனை காக்காய் குடியிருக்கிறது என்று யாருக்குமே தெரிந்திருக்காது. எங்கள் வீட்டுக்கு மேலே வட்டம் போட்டுப் பறந்துகொண்டு தொண்டை கிழியக் கத்தின. துக்கம் விசாரிக்க வந்த கூட்டம். விசாரிக்க வந்த இடத்தில் யார் சாப்பிடுவார்கள்? ஒன்றுகூட இலைப்பக்கம் திரும்பவில்லை. கரிச்சான் ஜோடி மட்டும் சளைக்கவில்லை. அத்தனை பேரையும் எதிர்த்து இரண்டே பேர், ஒன்றை விட்டு ஒன்றின் முதுகில் ஏறி அடித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஓர் ஓய்வு கிடைத்தபோது ஸ்பீக்கரையும் ஒரு கொத்து கொத்தின. அதை அணைக்க நான் ஹெல்மெட் இல்லாமல் ஓடியது தனிக் கதை.

சத்தம் கேட்டுத் தெருவே வெளியே வந்துவிட்டது. பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னா தம்பி, இன்னாச்சு? இவ்ளோ காக்கா வந்துகீது?"

விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்கு அப்பாவின் திதி, காக்காய் சோறு எடுக்கவில்லை, அம்மா விடிந்ததிலிருந்து பட்டினி, அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று அழுகிறாள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பாய் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். அம்மாவைப் பார்த்தார். தன் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"அது ஒண்ணியும் இல்ல யக்கா. அண்ணாத்தே உங்கமேல கோவப்படுற ஆளே இல்ல. எங்க ஊட்டு மாடில கூட..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். காய்ந்த சோற்றைக் கொட்டிவிட்டு, புது இலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பரிமாறி, வடை மட்டும் கூட ஒன்று வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"வாங்க பாய், உங்க மாடிக்குப் போவோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏரிக்கரை ஆகாது என்றவள். பாய் வீட்டில் பெருநாளுக்குச் சேமியா பாயசம் வந்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வாள், ஆனால் கறி சமைக்கிற வீடு என்று உள்ளே அதிகம் போனதில்லை. இப்போது திதி இலையோடு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடக்கிறாள். மனைவி மோர்த் தம்ளரோடு பின்னால் வந்தாள். டிரான்ஸ்பார்மர் வரை ஆண் கரிச்சான் ஒயர் ஒயராகத் தாவி எங்களோடு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எல்லைக் கம்பியில் உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு, எங்களை ஊர் கடத்திவிட்ட திருப்தியோடு பார்த்தது.

பாய் வீட்டு மாடியில் ஒரு கம்பி வலைக்கூரை, அதன் கீழே ஒரு பழைய கட்டில், பக்கத்தில் தண்ணீர் டேங்க். அம்மா கைப்பிடிச் சுவரில் இலையை வைத்தாள். கூப்பிடவில்லை. என்னையும் மனைவியையும் பாயையும் கையைப் பிடித்து இழுத்து டேங்குக்குப் பின்னால் ஒளிய வைத்தாள். நாலு பேர் ஒரு டேங்குக்குப் பின்னால் குனிந்து நின்றோம்.

ஏன் ஒளிய வேண்டும் என்று கேட்டேன்.

"சத்தம் போடாதலே. நான் பாக்கேன்னு தெரிஞ்சா பாதியில எந்திரிச்சிருவாக."

காத்திருக்கவே தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுமேல் சுற்றிய கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒன்று தனியாகப் பிரிந்து, வழி தெரிந்த மாதிரி நேராக வந்து, முதலில் கட்டில் முனையில் உட்கார்ந்தது. இப்படியும் அப்படியும் பார்த்தது. பிறகு சுவருக்குத் தாவி, சோறு, பருப்பு, பாயசம் எதையும் சட்டை செய்யாமல் வடையை எடுத்துக்கொண்டது. இறகு தூக்கியிருந்ததா என்று எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. அம்மா அதைத் தேடவும் இல்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, டேங்க் விளிம்பில் ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய்க்குத்தான் தாங்கவில்லை. "யக்கா, உங்களாண்ட ஒரு விசயம் சொல்லணும். எங்க ஊட்டு மோட்டாரு..."

"தெரியும் பாய்."

பாய் குனிந்தபடியே அம்மா பக்கம் திரும்பினார்.

"மோட்டார் பாத்துட்டு வந்தவுக கையில கிரீஸ் மணக்கணும்லா? பட்டையும் கிராம்பும்லா மணந்துது" என்றாள் அம்மா. "எத்தன வருசமா சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து தெரியாதுன்னு நெனச்சுட்டுத் தூங்குவாக. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். கடைசிப் பெருநாளைக்கு நீங்க கூப்பிட வந்தப்பந்தான் தெரிஞ்சே திருப்பி அனுப்பினேன். உடம்புக்கு ஆவாதேன்னு. ஒரு வாய் கறிச்சோறு திங்க விட்டிருக்கலாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அந்தக் கட்டிலைப் பார்த்தேன். கெட்ட மோட்டாரை, கெட்டியான ரிப்பேரை, கம்பெனியில் நான் சொல்லித் திரிந்த உதாரணத்தை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த முதுகும் ஞாபகம் வந்தது. தரம் பார்க்கிற வேலையில் இத்தனை வருஷம் என்னை வைத்திருக்கிறார்களே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

காக்காய் சோற்றுக்கு வந்திருந்தது. நிதானமாக, யாருக்கும் பயப்படாமல், இலையின் ஒரு ஓரத்திலிருந்து சாப்பிட்டது. அம்மா மனைவியின் கையிலிருந்த மோரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, சுவர்ப்பக்கம் கேட்டுவிடாதபடி பாயிடம் கேட்டாள்.

"அடுத்த பெருநாளைக்கு உங்க மோட்டார் ரிப்பேர் ஆவும்லா, பாய்?"

பாய் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆவும் யக்கா. கண்டிப்பா ஆவும்."